கை பட்டதும் கை வைத்ததும்

போன கிழமை எனக்கு நடத்திய பிரியாவிடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். முப்பது வருடமாக மற்றவர்களுடைய பேச்சையே பேசிப் பழகிய எனக்கு, என் முறை வந்தபோது இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. "எல்லாருக்கும் நன்றி, நல்லா இருங்கோ" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவரில் யாரோ சிரித்ததும் கேட்டது. சிரித்தது சரிதான்.

அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதித் தருகிறேன். நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பது எப்படி என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். சட்டச் சொற்களும் சத்தியப்பிரமாண வாசகமும் உங்களுக்கு மனப்பாடம். அதில் நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பிரியாவிடைக்கு முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் உங்களில் ஒருவர், "அப்பாவுக்கு என்னை எஞ்சினியராக்கத்தான் விருப்பம், அது சரிவராமல்தான் இங்க வந்தனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற இருவரும் படித்தால் குற்றமில்லை.

என் ஐயா இந்த ஊரில் வழக்கறிஞர். அந்த நாளில் புறொக்டர் என்போம். அவருடைய தகப்பன் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. எங்கள் வீட்டு முன்னறைதான் ஐயாவின் கந்தோர். அங்கே சட்டப் புத்தகங்கள் நிறைந்த இரண்டு அலுமாரிகளும் ஒரு பெரிய மேசையும் இருந்தன. நான் பள்ளிக்கூடம் முடிக்குமுன்பே அதன் பக்கத்தில் இன்னொரு மேசை வந்துவிட்டது. அது யாருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, வீட்டில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் சட்டம் படிக்கக் கொழும்புக்குப் போனேன். ஒருமுறை பரீட்சையில் தவறினேன். மறுமுறை பரீட்சைக்கே போகவில்லை. எனக்குப் படிப்பு ஏறாமலில்லை. வாதாடிப் பழகும்போது ஒரு பக்கத்துக்காக எழுந்து நிற்பேன், பாதி வழியில் மற்றப் பக்கத்தின் நியாயம் தெரிந்துவிடும், வாய் அடைத்துப்போகும். அந்த இரண்டு வருடத்தில் எனக்கு நன்றாக வந்தது, நான் தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்ட சிங்களம் ஒன்றுதான். ஆங்கிலம் ஏற்கெனவே இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்து, ஐயாவுக்குச் சொல்லாமல், உரைபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். கிடைத்தும்விட்டது.

ஐயா சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ர மகன் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிற வேலைக்கோ வாறான்?"

"ரெண்டு வருசம் பாக்கிறன் ஐயா."

"ரெண்டு வருசம்தான். பிறகு கொழும்புக்குப் போகவேணும். சரியோ?"

"ஓம்," என்றேன். அந்த ஓம் முழுமனதோடு சொன்னதல்ல.

அந்தக் காலத்தில் நீதிமன்றத்தை நாங்கள் கோடு என்போம், அங்கே எல்லாம் ஆங்கிலம்தான். நீதவான்மார் தெற்கிலிருந்து வருவார்கள், தமிழ் தெரியாது. சாட்சிக்காரர் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. நடுவில் நாங்கள் இரண்டு பேர், நானும் எனக்கு மூத்தவர் ஒருவரும். ஐயாவின் வழக்குகள் வந்தால் மூத்தவர் நிற்பார், மற்றவற்றுக்கு நான்.

வேலைக்கு வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். மூதூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பாய் இழைத்து விற்பவர். பக்கத்து வளவுக்காரன் இவருடைய வேலியை வெட்டிப்போட்டுத் தென்னங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டான் என்பது அவருடைய முறைப்பாடு. அவருக்கு வழக்கறிஞர் யாருமில்லை. எதிர்ப்பக்கத்துக்கு நல்ல வாய்க்காரர் ஒருவர் வந்திருந்தார். அவர் கேட்டார், "வேலியை வெட்டிய அன்றே முறைப்பாடு செய்தீர்களா?"

நான் தமிழில் கேட்டேன். அந்தப் பெண், "இல்ல, போகல்ல," என்றார். அவ்வளவுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்து நின்றார்.

நான் அந்த வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்தேன். முறைப்பாடு பதிவானது நான்கு நாள் கழித்து, அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்பது தெரிந்தது. மூதூரிலிருந்து இங்கே வரும் லோஞ்ச் படகு கடல் கொந்தளித்தால் ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். பாவம் மனுசி, ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது. "இல்லை, அன்று கடல் சரியில்லை, லோஞ்ச் ஓடாததால் வர முடியவில்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நீதவான் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம்.

அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. வழக்கறிஞர் சுற்றி வளைத்து வந்து, "அன்றைக்கு லோஞ்ச் ஓடவில்லையா?" என்று கேட்டார். அதை நான்தான் தமிழில் கேட்கவேண்டும். கேட்டேன்.

"ஏன் ஓடாம? ஓடினதுதானே. என்ட மச்சானும் அதுலதான் வந்தவர்."

அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். சொன்னேன். "ஒரு நிமிடம் ஒன்று, மறு நிமிடம் வேறொன்று. இந்தச் சாட்சியை எப்படி நம்புவது?" என்று வழக்கறிஞர் கையை விரித்தார். நீதவான் எழுதுகோலை வைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஒருவிதமாகப் பார்த்தார். அந்த இடத்தில் நான், "பிழை என்னுடையது" என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தீர்ப்பை நீதவான் மறுநாளைக்கு வைத்தார்.

பின்னேரம் கோட்டு வாசலில் அந்தப் பெண் எனக்காகக் காத்து நின்றார். ஆங்கிலம் தெரிந்த யாரோ அவருக்கு விசயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கோபத்தில் வந்து நிற்பதாகத்தான் நினைத்தேன். அப்படியில்லை.

"தம்பி, நான் சொல்லாததை ஏன் சொன்னீங்க?"

"உங்களுக்கு உதவியா இருக்கும் எண்டு..."

"ஏன் வரல்ல எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். பக்கத்து வளவுக்காரன்ட உம்மா கிண்ணியாவில மகள்ட வீட்டுக்குப் போயிருந்தா. நல்ல மனுசி. அவ வரட்டும், கதைச்சுப் பாப்பம், கோடு கச்சேரி எண்டு ஏன் போகணும் எண்டு நாலு நாள் இருந்தனான். அவ வந்தும் சரிவரல்ல. அதுக்குப் பிறகுதான் வந்த."

நான் இட்டுக்கட்டிய காரணத்தைவிட அவருடைய உண்மைக் காரணம் எவ்வளவு மேலானது என்று பாருங்கள். அதைக் கேட்டிருந்தால் எந்த நீதவானும் அவரை நம்பியிருப்பார்.

"எனக்கு வேலியக்கூட விட்டுடலாம் தம்பி. பொய்க்காரி எண்டு பேரோட எப்பிடி ஊருக்குப் போற?"

மறுநாள் கோடு கூடியவுடன் எழுந்து, நீதவானிடம் நடந்ததைச் சொன்னேன். ஐயா முன்வரிசையில் தன் வழக்குக் கட்டைப் பிரித்தபடி இருந்தார். நீதவான் என்னை இருக்கச் சொல்லாமலே நெடுநேரம் பேசினார். கடைசியாக, "வாதாட விருப்பமென்றால் பரீட்சை எழுதிவிட்டு வாரும். அங்கே நிற்பதென்றால் அவர்கள் சொல்வதை மட்டும் சொல்லும்," என்றார். எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் தந்தார். பிறகு அந்தப் பெண்ணை மறுபடி கூண்டில் ஏற்றி, மூத்த உரைபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. லோஞ்சுக்கு நேரமாகிறது என்று என்னைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். பேர் என்னவென்று வழக்குப் புத்தகத்தில் பார்த்தேன், இங்கே எழுதவில்லை. இந்தத் தொழிலை எனக்குக் கற்பித்தவர் யாரென்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

அன்று பின்னேரம் ஐயா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பேச்சு விழும் என்று போனேன். அவர் முகத்தில் கோபமில்லை. ஒருவகை மகிழ்ச்சிகூட இருந்தது.

"கேட்டனிதானே, நீதவானே சொல்லிப்போட்டார். உனக்குள்ள ஒரு புறொக்டர் இருக்கிறான். கையைக் கட்டிக்கொண்டு நிக்க அவனால ஏலாது. ரெண்டு வருசம் ஏன், இப்பவே கொழும்புக்குப் போ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சொன்னது முழுக்க உண்மை. கூண்டில் நின்ற பெண்ணைப் பொய்க்காரியாக்கியது எனக்குள் இருந்த அந்தப் புறொக்டர்தான். உரைபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஐயாவின் மகனாக ஒருமுறையாவது வாதாடிக் காட்டிவிட ஆசைப்பட்டிருக்கிறேன்.

"அவன் நீங்கள் வச்ச ஆள் ஐயா," என்றேன். "அவனாலதான் அந்த மனுசி அப்பிடி நிண்டவ. நான் கொழும்புக்குப் போகேல்லை. இந்த வேலையை ஒழுங்காச் செய்யப் பாக்கிறன்."

"அப்ப ரெண்டு வருசம் எண்டு சொன்னது?"

"அது உங்களுக்காகச் சொன்னது. எனக்குப் போக மனமில்லை."

ஐயா எழுந்து உள்ளே போனார். மறுநாள் அந்த இரண்டாவது மேசையின் மேல் பழைய சட்ட அறிக்கைகளை அடுக்கிவைத்தார்.

தம்பி, எஞ்சினியர் ஆகவில்லை என்று கவலைப்படுகிறவரே, இதை வைத்து நான் வீட்டோடு முறித்துக்கொண்டேன் என்று நினைக்காதீர். ஐயாவின் வழக்குக் கட்டுகளைத் தினமும் என் சைக்கிளில்தான் கோட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் லிங்கநகரில் பார்த்த பெண்ணைத்தான் பிறகு கட்டினேன், அதில் இன்றுவரை எனக்கொரு குறையுமில்லை. இந்த ஒன்றை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

நான்கைந்து வருடம் போனது. ஒருநாள் மூத்தவர் சுகமில்லாமல் வரவில்லை. அன்று விசாரணைக்கு இருந்தது ஐயாவின் வழக்கு. தகப்பனின் வழக்கில் மகன் உரைபெயர்க்கலாமா என்று நீதவான் இரு பக்கத்தையும் கேட்டார், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. நான் ஏறி நின்றேன்.

முறைப்பாட்டுக்காரர் ஊரில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி. ஐயாவிடம் இருபது வருடமாக வருகிறவர். இறங்குதுறையில் அவருக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முதலாளி படியில் விழுந்து கை முறிந்துவிட்டது. தொழிலாளி தள்ளிவிட்டான் என்பது வழக்கு. அந்தத் தொழிலாளி கிண்ணியாக்காரர், குற்றம் நிரூபணமானால் மறியலில் அடைப்பது நிச்சயம். கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்தான். முதலாளியின் சொந்த வண்டில்காரர், பாலையூற்றைச் சேர்ந்தவர்.

ஐயா எழுந்து, என்ன நடந்தது என்று கேட்டார். வண்டில்காரர் முதலாளியையும் பார்க்காமல், குற்றஞ்சாட்டப்பட்டவரையும் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அவன்ர கை பட்டுது. முதலாளி விழுந்திட்டார்."

நான் சொன்னேன், "அவருடைய கை பட்டது, முதலாளி விழுந்துவிட்டார் என்கிறார்."

ஐயா உடனே நீதவானிடம் திரும்பினார். "கனம் நீதவான் அவர்களே, உரைபெயர்ப்பு போதாது. இந்த ஊர்ப் பேச்சில் ‘கை பட்டது’ என்றால் அடித்தது என்றுதான் பொருள்." அவர் சொன்னது முற்றிலும் பொய்யில்லை. ‘கை வைத்தான்’ என்றால் அடித்தான் என்று எல்லாரும் சொல்வோம். ‘கை பட்டது’ என்றால் தெரியாமல் பட்டது. ஆனால் சண்டையில் அடித்ததை மழுப்பிச் சொல்லவும் சிலர் ‘கை பட்டுட்டுது’ என்பதுண்டு. ஐயாவுக்குத் தமிழ் என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீதவானுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொல்கிறீர்?"

ஐயாவும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அதட்டல் இல்லை. இந்த ஒருமுறை என் பக்கம் நில்லடா என்ற கேள்விதான் இருந்தது, அது அதட்டலைவிடக் கடினம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கொழும்புப் படிப்பை நான் பாதியில் விட்டதைக்கூட அவர் மன்னித்துவிடுவார் என்று தோன்றியது. அதே நேரம் இன்னொரு ஆசையும் எழுந்தது. இல்லை, பிழை என்று நாலுபேர் முன்னால் சொல்லி, நான் உங்கள் நிழல் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. இந்த இரண்டாவது ஆசையைத்தான் நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நேர்மை போலவே முகம் காட்டும். ஆனால் அதிலும் சாட்சிக்காரருடைய சொல்லுக்கு இடமில்லை. அங்கேயும் நானும் ஐயாவும்தான் நிற்கிறோம்.

நான் சொன்னேன், "அந்தச் சொல்லுக்கு நேரான பொருள், எண்ணமில்லாமல் பட்டது என்பது. அடித்ததை மென்மையாகச் சொல்லவும் சிலர் அதைப் பயன்படுத்துவார்கள். புறொக்டர் சொல்வது போன்ற வழக்கம் உண்டு. இவர் எந்தக் கருத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இவரிடமே கேட்க அனுமதி வேண்டும்."

நீதவான் தாமே கேட்டார், எப்படிப் பட்டது என்று. நான் தமிழில் கேட்டேன். வண்டில்காரர் முதல்தடவையாக நிமிர்ந்தார்.

"வாய்த்தர்க்கம் முடிஞ்சு போச்சு. அவன் மூட்டையைத் தூக்கித் தோளில வச்சுக்கொண்டு திரும்பினவன். பின்னுக்கு முதலாளி வந்து நிண்டது அவனுக்குத் தெரியாது. முழங்கை பட்டுது. அவன்தான் முதல் ஓடிவந்து தூக்கினதும்."

அதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். தொழிலாளி விடுதலையானார். முதலாளி கட்டுப்போட்ட கையோடு எழுந்து போனார், அடுத்த கிழமை தன் காணி உறுதிகளையும் வழக்குக் கட்டுகளையும் எங்கள் வீட்டிலிருந்து ஆள் விட்டு எடுத்துக்கொண்டார். வண்டில்காரருக்கு என்ன நடக்குமோ என்று பயந்தேன். அவரை வேலையால் நிறுத்தவில்லை என்று பிறகு அறிந்தேன். அதற்காக அந்த முதலாளியை நான் மதிக்கிறேன்.

ஐயா என்னோடு பேசுவதை விட்டார். வீட்டில் அம்மா உரைபெயர்ப்பாளரானார். ஒரு மேசையில் இருந்துதான் சாப்பிடுவோம். ஐயா, "சைக்கிளை மழையில விடவேண்டாமெண்டு சொல்லு," என்பார். அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, நனைஞ்சு காய்ச்சல் வந்திடுமெண்டு ஐயா கவலைப்படுறார்," என்பார். அம்மா அந்தத் தொழிலுக்குக் கொஞ்சமும் சரிவரமாட்டார். ஆனால் அந்த வீடு உடையாமல் இருந்தது அவருடைய பிழையான உரைபெயர்ப்பால்தான்.

இரண்டு மாதம் இப்படிப் போயிருக்கும். அதற்குள் மூத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. கந்தளாய்ப் பக்கத்து வயல் எல்லை வழக்கொன்று விசாரணைக்கு எடுக்கப்பட்டது. ஒரு பக்கத்துக்கு ஐயா. மறுபக்கத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர், வழக்கறிஞர் இல்லாமல் தானே வந்திருந்தார். அப்போது இருந்த நீதிபதி புதியவர், கவனமான மனிதர். தொடங்குமுன் என்னிடம், "இவருக்கு உள்ளதைச் சொல்லும், ஆட்சேபணை உண்டா என்று கேளும்," என்றார்.

நான் கமக்காரரிடம் சொன்னேன், "எதிர்ப்பக்கத்துப் புறொக்டர் என்ர தகப்பன். நான் உரைபெயர்க்கிறதில உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கோ. பயப்பிட வேண்டாம்."

அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார்.

"தெரியும். இறங்குதுறையில மூட்டை தூக்கிறவன்ர வழக்கு எங்கட ஊர்வரைக்கும் வந்த கதைதானே. தகப்பன்ர முகத்துக்காக இவர் ஒரு சொல்லும் மாத்தேல்லை எண்டு கேள்வி. புறொக்டர் ஐயாவும் நல்ல மனுசன், அவர் வளத்த பிள்ளைதானே இவர். எனக்கு இவரே காணும். வேற ஆள் வேண்டாம்."

நீதிபதி, "என்ன சொல்கிறார்?" என்றார்.

எத்தனையோ பேருடைய வசையையும் அழுகையையும் தயங்காமல் சொல்லிவிடுகிற எனக்கு, என்னைப் பற்றிய நல்ல சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆட்சேபணை இல்லை என்கிறார்," என்று சுருக்கிவிட்டுத் தப்பியிருக்கலாம். அது சரியில்லை. "இது என்னைப் பற்றிய பேச்சு. இதை வேறொருவர் சொல்வதுதான் முறை," என்றேன்.

நீதிபதி சுற்றிப் பார்த்தார். ஐயா எழுந்தார். அனுமதி கேட்டார். ஆங்கிலத்தில், தன் வழக்கை வாதாடும் அதே உயர்ந்த குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார். மூட்டை தூக்கியவரின் வழக்கைச் சொன்னார். தகப்பனின் முகத்துக்காக மகன் ஒரு சொல்லும் மாற்றவில்லை என்பதைச் சொன்னார். வேறு ஆள் வேண்டாம், இவரே போதும் என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு, கட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

ஒரு வசனத்தை விட்டிருந்தார். நான் எழுந்து திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. முப்பது வருட வேலையில் தெரிந்தே நான் கடைசிவரை திருத்தாமல் விட்ட குறை அது ஒன்றுதான்.

பின்னேரம் ஐயா விறாந்தையில் இருந்தார். அம்மா குசினியில். நானே போய் நின்றேன்.

"ஐயா, அந்த மனுசன் சொன்னதில ஒரு வசனத்தை விட்டிட்டீங்கள்."

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குச் சரியாக் கேக்கேல்லை. என்ன சொன்னவர்?"

ஐயாவின் காது கடைசிவரை நல்ல காதுதான்.

"புறொக்டர் ஐயாவும் நல்ல மனுசன், அவர் வளத்த பிள்ளைதானே இவர் எண்டு சொன்னவர்."

ஐயா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்த கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இரன்," என்றார்.